ஒரு பேரேடும் பல வகைகளும்



நமது குமரி மாவட்டத்தின் நீர்ப்பணிகளை ஒரு பேரேட்டில் எழுதப் புகுந்தோம் என வைத்துக்கொள்வோம். 1906இல் கட்டி முடிக்கப்பெற்ற பேச்சிப்பாறை அணை, பறளியாற்றைக் கடக்கும் மாத்தூர் தொட்டிப்பாலம், சுசீந்திரம் குளம் ஆகிய மூன்றுக்கும் பெயரும் ஊரும் உண்டு. ஆனால் 28 தூண்கள் என்னும் செய்தி தொட்டிப்பாலத்துக்கே உரியது.

ஜாவா மொழியில் ‘நீர்ப்பணி’ என்னும் பொது வகுப்பை எழுதி, அதன் வழித்தோன்றல்களாக அணை, பாலம், குளம் என்பவற்றை அமைக்கலாம். பொது இயல்புகள் தாயிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும், இதுவே மரபுரிமை. ஆயின், தரவுத்தள அட்டவணையோ வரிசையும் பத்தியும் மட்டுமே அறியும்.

இவ்விடைவெளியை நிரப்ப, 2006இல் வெளிவந்த ஜாவா பெர்சிஸ்டன்ஸ் விதிகள் மூன்று வழிகளை வகுத்தன. வகுப்புதோறும் தனி அட்டவணை வைப்பது ஒன்று. பொதுச் செய்தியைத் தாய் அட்டவணையிலும், சிறப்புச் செய்தியைப் பிள்ளை அட்டவணைகளிலும் வைத்து இணைப்பது மற்றொன்று. அனைத்தையும் ஒரே அட்டவணையில் இடுவது மூன்றாவது. நாம் எதுவும் சொல்லாதபோது கொள்ளப்படுவது இம்மூன்றாவது வழியே. அட்டவணைகளை இணைக்கும் வேலை இதில் இல்லை. ஆனால் அணையின் வரிசையில் தூண்களின் பத்தி வெறுமையாகவே கிடக்கும். ஆகவே அப்பத்தியை எல்லா வரிசைகளிலும் நிரப்பியே ஆகவேண்டும் என்று தரவுத்தளத்தில் விதிக்க இயலாது.

ஒரே அட்டவணையில் அணை எது, குளம் எது என எங்ஙனம் அறிவது? அதற்கென ஒரு பத்தி உண்டு. அதன் பெயர் டிஸ்கிரிமினேட்டர், வகைகாட்டி எனலாம். அதில் எழுதப்படும் சொல்லே வகைகாட்டி மதிப்பு. குளங்களைக் கேட்டால், அம்மதிப்புள்ள வரிசைகளே திரும்பி வரும்.

நான் வற்புறுத்த விரும்புவது இங்கேதான் இருக்கிறது. மதிப்பை நாம் குறிப்பிடாவிடில், பொதுவாக வகுப்பின் பெயரே அவ்விடத்தில் அமர்ந்துவிடும். பின்னொரு நாள் ஒருவர் ‘குளம்’ என்னும் வகுப்புக்கு ‘ஏரி’ எனப் பெயர் மாற்றினால், நிரல் ‘ஏரி’யைத் தேடும், பழைய வரிசைகளோ ‘குளம்’ என்றே நிற்கும். சுசீந்திரம் குளம் பேரேட்டில் இருந்தும் கண்ணுக்குத் தெரியாது. தரவு அழியவில்லை, அதை அடையும் வழியே அடைபட்டது.

ஆகவே முதல் நாளிலேயே ஒவ்வொரு வகுப்புக்கும் மதிப்பை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். நிரல்கள் மாறும், எழுதுவோரும் மாறுவர். தரவு அவர்கள் எல்லோருக்கும் பின்னும் வாழ்வது. அதன் குறியை நிரலின் பெயரோடு பிணைக்கலாகாது.