பூனைக்கு எல்லை தெரியாது

துவாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து ஒருவர் பூன் லேயில் உள்ள தம் வீவக வீட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் காலணி அடுக்கு நாறுகிறது. பக்கத்து வீட்டுப் பூனையின் வேலை! களைப்போடு வந்தவருக்குக் கோபம் வராதா?

1989 முதல் வீவக வீடுகளில் பூனை வளர்க்கத் தடை இருந்தது. புகார் கொடுத்தால் பூனைக்கு வீடே இல்லாமல் போகலாம். அதனால் வளர்த்தவர் ஒளித்தார், இரக்கப்பட்டவர் பொறுத்துக்கொண்டார். மனம் விட்டுப் பேச வழியில்லை.

2024 செப்டம்பர் 1ஆம் தேதி தடை நீங்கியது. வீவக வீடு ஒன்றுக்கு இரண்டு பூனைகள் வளர்க்கலாம். உரிமமும் மைக்ரோசிப்பும் வேண்டும். உரிமம் எடுக்க 2026 ஆகஸ்ட் 31 வரை ஈராண்டு அவகாசம் தரப்பட்டது.

ஆனால் அனுமதி வளர்ப்பதற்குத்தான், அவிழ்த்துவிடுவதற்கு அல்ல. சன்னலுக்கும் கம்பிக்கதவுக்கும் வலை போட்டால் பூனை மாடியிலிருந்து விழாது, தாழ்வாரத்திலும் திரியாது. வளர்ப்பவரின் கடமை அது.

பாதிக்கப்பட்டவருக்கும் ஒரு கடமை உண்டு. புகார் எழுதுமுன் கதவைத் தட்டிப் பேசலாம். உரிமம் உள்ள பூனை அந்தப் பேச்சால் வீடிழக்காது. பேச்சு எடுபடாவிட்டால் 1998 முதல் இயங்கிவரும் சமூக சமரச நிலையத்தை நாடலாம்.

பூனைக்கு எல்லை தெரியாது. வளர்ப்பவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா?