கொட்டகை பறக்காமல் இருக்க



சித்திரை மாதம். ராபர்ட்சன்பேட்டையில் பகலெல்லாம் புழுக்கம். சாயங்காலம் வானம் கறுக்கிறது. மழைக்கு முன்னால் காற்று வருகிறது. சயனைடு மேட்டுத் தூசி கிளம்புகிறது. எங்கோ தகரம் படபடவென்று அடிக்கிறது. யார் வீட்டுக் கொட்டகையோ!

தங்கச் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. அதன் பிறகு பலர் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். சிலர் ஆட்டோ ஓட்டிப் பிழைக்கிறார்கள். கடன் வாங்கி எடுத்த வண்டி. அதற்கு நாலு கால் நட்டு, மேலே தகரம் போடுகிறார்கள். வெயிலுக்கு அது போதும். காற்றுக்குப் போதாது. பறக்கும் தகரம் கத்தி மாதிரி. ஆள்மேல் பட்டால் உயிருக்கே ஆபத்து.

கொட்டகை கீழே விழும் என்றுதான் பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் காற்று கூரையை மேலே தூக்குகிறது. பெருங்காற்றில் குடை மேல்பக்கம் மடங்குகிறது அல்லவா? கொட்டகையும் ஒரு குடைதான்.

ஒரு கணக்குப் போடுவோம். காற்று மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கிறது. ஒரு சதுர மீட்டர் கூரையைச் சுமார் 24 கிலோ பலத்தோடு தூக்கும். 20 அடி நீளம், 10 அடி அகலமுள்ள கூரை என்றால் சுமார் 450 கிலோ! தகரத்தின் எடை 100 கிலோகூட வராது. மேலே நாலு கல்லை வைத்து என்ன பயன்? தகரம் கிளம்பும்போது அந்தக் கல்லே தலையில் விழும். வேகம் இரண்டு மடங்கானால் பலம் நாலு மடங்காகும்.

ஆகவே எடை கீழே இருக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் ஒன்றரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி ஆழத்தில் குழி தோண்டுங்கள். கான்கிரீட் நிரப்புங்கள். ஒரு குழிக்கே சுமார் 300 கிலோ எடை சேரும். காலின் அடியில் குறுக்கே ஒரு கம்பியை வெல்டிங் செய்யுங்கள். இல்லாவிட்டால் கால் மட்டும் உருவிக்கொண்டு வந்துவிடும்.

காற்று பக்கவாட்டிலும் தள்ளும். நாலு குச்சியைச் சதுரமாகக் கட்டித் தள்ளிப் பாருங்கள். சாய்ந்துவிடும். மூலைக்கு மூலை ஐந்தாவது குச்சியைக் கட்டுங்கள். சாயாது. சுரங்க வாயின்மேல் நின்ற இரும்புக் கோபுரத்தை இந்த ஊரில் அறியாதவர் உண்டா? உச்சியில் பெரிய சக்கரம். பூமிக்குள்ளிருந்து கூண்டைத் தூக்கும்போது இரும்பு வடம் பக்கவாட்டில் இழுக்கும். அந்த இழுப்பைச் சாய்ந்த கால்கள்தான் தாங்கின.

கொட்டகைக்கும் அதே வித்தைதான். இரண்டு பக்கமும் பின்பக்கமும் பெருக்கல் குறி போல இரும்புச் சட்டம் போடுங்கள். வண்டி நுழையும் முன்பக்கம் அப்படிப் போட முடியாது. அங்கே மேல் மூலைகளில் சாய்வாகச் சிறு முட்டு கொடுக்கலாம்.

ஆணி அடித்தால் காற்று பிடுங்கிவிடும். தகரத்துக்கு ஜே போல்ட் போடுங்கள். தகரத்தின் மேட்டில் துளையிட்டு, வாஷர் வைத்து முடுக்குங்கள். பள்ளத்தில் துளையிட்டால் ஒழுகும். ஓரங்களில்தான் காற்று அதிகம் பிடுங்கும். அங்கே போல்ட் நெருக்கமாக இருக்கட்டும்.

சாரலுக்காகச் சிலர் பின்பக்கம் தார்ப்பாய் கட்டுகிறார்கள். உள்ளே புகுந்த காற்றுக்குப் போக வழி இல்லை. கூரையைத்தான் தூக்கும். வானம் கறுத்ததும் பாயை அவிழ்த்துவிடுங்கள்.

பங்குனியிலேயே ஸ்பேனர் எடுத்து எல்லா போல்ட்டையும் முடுக்கிப் பாருங்கள். துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு பூசுங்கள். காற்று கிளம்பிய பிறகு யாரும் கூரைமேல் ஏறக் கூடாது. பறந்த தகரம் மின்கம்பியில் கிடந்தால் தொடவே தொடாதீர்கள். மின்வாரிய ஆட்கள் வரும்வரை பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.