பலகைக்கு மினுக்கு, காம்பராவுக்குப் பாதுகாப்பு

(ஞாயிற்றுக்கிழமை மாலை தோட்ட மக்கள் கூட்டத்தில் எமது தச்சுப் பயிற்சிப் பிரிவினர் ஆற்றிய உரை)



மழையையும் பாராமல் வந்திருக்கிறீர்கள். நீண்ட பேச்சு இல்லை. நாம் காம்பராவில் தட்டு அடிக்கிறோம், கட்டில் செய்கிறோம், கதவுக்கு வார்னிஷ் பூசுகிறோம். ஆனால் சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அந்தச் சின்ன இடத்துக்குள்ளேதான். ஆகவே பங்களாவில் பூசுகிற மாதிரி இங்கே பூச முடியாது.

முதலாவது, மரம் காய்ந்திருக்க வேண்டும். ஈரப் பலகையில் வார்னிஷ் பூசினால் கொப்புளித்து உரிந்து போகும். பலகைகளுக்கு இடையில் சிறு சட்டங்கள் வைத்து, மழை படாத, காற்றோட்டமான இடத்தில் அடுக்குங்கள். பச்சைப் பலகை காய மாதக்கணக்காகும். "தீபாவளிக்கு முன்னே முடிச்சிடுவோம்" என்ற அவசரம்தான் பாதி வேலையைக் கெடுக்கிறது.

இரண்டாவது, தேய்ப்பு. சாண்ட் பேப்பரில் நம்பர் கூடக் கூட மணல் நைசாகும். 80இல் தொடங்கி, 120, பிறகு 180 என்று போங்கள். மர ரேகை ஓடும் பக்கமாகவே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால், அந்தக் கீறல் வார்னிஷ் பூசிய பிறகுதான் பல்லைக் காட்டும். வேலையை வெளியே வைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு செய்யுங்கள். தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கு மரத்தின் தூள் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் கொடுக்கும். வேலை முடிந்ததும் கை கால் கழுவுங்கள்.

பழைய கதவு ஜன்னலில் இன்னும் கவனம் வேண்டும். பெயின்டில் ஈயத்தின் அளவுக்கு இலங்கையில் 2013இல்தான் சட்டக் கட்டுப்பாடு வந்தது. அதற்கு முந்திய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். அந்தத் தூள் சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அதைக் காய்ந்தபடி தேய்க்காதீர்கள், நெருப்பு வைத்தும் உரிக்காதீர்கள். நல்லா ஒட்டியிருந்தால் அதற்கு மேலேயே புதிதாகப் பூசிவிடலாம். உரிய வேண்டியிருந்தால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் வரக்கூடாது.

மூன்றாவது, பூச்சு. தடிப்பாக ஒரே தடவை பூசுவதைவிட, மெல்லியதாக மூன்று தடவை பூசுவது மேல். ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு நைஸ் பேப்பரால் இலேசாகத் தேய்த்து, தூசி துடைத்து, அடுத்ததைப் பூசுங்கள். நம் மலைப் பனிமூட்டத்தில் காய அதிக நேரம் எடுக்கும். மூட்டமான நாளில் பிரெஞ்ச் பொலிஷ் போட்டால் வெள்ளை பூத்துவிடும். தேங்காய் எண்ணெய் மினுக்கும் என்று சிலர் தடவுகிறார்கள். அது காயாது, பிசுபிசுத்துத் தூசிதான் பிடிக்கும். வார்னிஷ், தின்னர் ஆவியில் தீப்பற்றும். அடுப்பு எரியும்போது பூசவே வேண்டாம். மணம் போகும் வரை பிள்ளைகளை அந்த அறையில் படுக்க வைக்காதீர்கள்.

கடைசி விஷயத்தை எங்கள் தவறிலிருந்தே சொல்கிறோம். ஒரு நாள் பயிற்சி முடிந்து, லின்சீட் ஒயில் துடைத்த துணிகளைச் சுருட்டி மரத்தூள் சாக்குக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு வந்தோம். காலையில் திறந்தால் ஒரே புகை. சாக்கு கருகிக் கிடந்தது. யாரும் நெருப்புக்குச்சி கிழிக்கவில்லை. அந்த எண்ணெய் காயும்போது காற்றோடு சேர்ந்து சூடாகும். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல், துணி தானாகவே பற்றிக்கொள்ளும்.

எங்கள் கொட்டகை தனியாக நின்றது, தப்பினோம். லயம் அப்படியா? ஒரே கூரை. ஒரு காம்பராவில் பிடித்தால் வரிசை முழுவதும் போய்விடும். ஆகவே எண்ணெய்த் துணியை வெளியே, ஒவ்வொன்றாக விரித்துக் காயப் போடுங்கள். முடியாவிட்டால் தண்ணீர் நிறைந்த தகர டின்னில் முக்கி மூடி வையுங்கள். ஒரு நிமிட வேலை.

பலகை மினுங்கட்டும். பக்கத்துக் காம்பராவும் பத்திரமாக இருக்கட்டும்.