மனம் நிலைபெறும் வகுப்பறை

இன்று கல்விமாணிப் பட்டம் பெறும் இளம் ஆசிரியர்களே,

உங்களுட் சிலர் வருகின்ற தவணையில், மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் பெருவீதியில் பஸ் ஏறி, இலுப்பைக்கடவையிலோ அதற்கப்பால் வெள்ளாங்குளத்திலோ இறங்கி, வயலையும் கடலையும் நம்பி வாழும் அவ்வூர்களின் பிள்ளைகளுக்கு ஆசிரியராகப் போகின்றீர்கள். பிள்ளைகள் பாடத்தில் மனம் வைக்கவில்லையே என்ற ஆயாசம் முதல் வாரத்திலேயே உங்களுக்கு உண்டாகும். அக்குறையைப் பிள்ளையின் தலையிற் சுமத்துமுன் ஆசிரியர் ஆராய்ந்தறிய வேண்டியவை சில உண்டு. அவற்றைப் பற்றி மாத்திரமே இன்று பேச விழைகின்றேன்.

பின்வாங்கில் இருக்கும் சிறுமி ஒருத்தியை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். ஆசிரியர் வெண்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் எழுதத் தொடங்கியதும் அவள் தலை பக்கத்திலிருப்பவளின் கொப்பிமேற் சாய்கின்றது; அதட்டினால் நிமிர்கின்றாள், சற்றுப் பொறுத்து மீண்டும் சாய்கின்றாள்; மூன்றாம் முறை எழுப்பி நிறுத்தப்படுகின்றாள். அவள் வீண்பேச்சுப் பேசவுமில்லை, விளையாடவுமில்லை. பலகையிலுள்ள எழுத்துகள் அவள் கண்ணுக்கு மங்கிக் கலைந்து தோன்றுவதால், தோழியின் கொப்பியைப் பார்த்தாவது பாடத்தைப் பின்தொடர முயல்கின்றாள். 40 நிமிடப் பாடவேளை முழுவதும் அவள் செய்த பிரயத்தனம் முன்வாங்கிலிருந்த எவரும் செய்யாதது. அதற்குக் கிடைத்த வெகுமதியோ தண்டனை.

விடியுமுன் கரைசேர்ந்த வள்ளத்தருகே தகப்பனோடு நின்று வலையிலிருந்து மீன் கழற்றிவிட்டு, வெறுந்தேநீரோடு ஓடிவந்த சிறுவன், மூன்றாம் பாடவேளையில் கண்ணயர்வானாயின் அதனை ஒழுக்கக்கேடு என்று குறித்துவைப்பது எத்துணை அநியாயம்! பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாது என்பதை உணர்ந்தே, காமராஜர் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1956இல் சென்னை இராஜ்ஜியத்துப் பாடசாலைகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது; மதியம்வரை பொறுத்திருப்பதும் பிள்ளைக்கு அரிது என்று கண்டு 2022 செப்டெம்பரில் தமிழ்நாடு எனப் பெயர்மாறிய அதே மாநிலத்தில் காலை உணவும் வழங்கப்படலாயிற்று. நம் நாட்டிலோ அவ்வாண்டின் பொருளாதார நெருக்கடியில் எத்தனையோ குடும்பங்கள் ஒருவேளை உணவைக் கைவிட்டன. கல்வி அமைச்சராயிருந்த கன்னங்கராவின் பெருமுயற்சியால் 1945இல் வந்த இலவசக் கல்வி பாடசாலையின் வாயிலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அவ்வாயிலில் நுழையும் பிள்ளையிடம் சாப்பிட்டாயா என்று கேட்கும் கடமை உங்களுடையது. இன்னுமொன்றும் நினைவிலிருக்கட்டும்: 2008இல் யுத்தம் இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம் கரையோரத்தை வெறுமையாக்கியபோது, படிப்பை இடைநடுவில் விட்டு இடம்பெயர்ந்த சிறுமியரே இன்று இப்பிள்ளைகள் பலரின் அன்னையர். ‘வீட்டில் அக்கறையில்லை’ என்ற ஒரு வரியால் அவர்களுடைய ஆவலைப் புறந்தள்ளிவிடாதீர்கள்.

மன்னார் மாவட்டத்துச் சிலாவத்துறைக் கடலிலே முத்துக்குளிப்பு நடந்த நாட்களில், கல்லின் துணையால் மூழ்கியவன் ஏறக்குறைய ஒரு நிமிடநேரம் தன் சித்தம் முழுவதையும் கடலடியிலுள்ள சிப்பிகளில் வைக்க இயன்றது, மேலே தோணியிலிருந்தவன் கயிற்றினின்று கண்ணெடாமல் இருந்தமையாலேதான். மாணவனின் ஏகாக்கிர சித்தமும் இவ்வாறு வேறொருவரின் காவலிலேயே கைகூடும்.

தடைகளை நீக்கிவிட்டால் பயிற்சி வேண்டுவதில்லை என்று நான் சொல்லவில்லை. புலோலியிற் பிறந்த நா. கதிரைவேற்பிள்ளை சதாவதானி எனப் போற்றப்பட்டார். செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் சதாவதானம் நிகழ்த்தினார். ஒருவர் மணியடிக்க, ஒருவர் முதுகிற் பொருளெறிய, ஒருவர் வெண்பாவிற்கு ஈற்றடி கொடுக்க, யாவற்றையும் உள்ளத்தில் நிறுத்தி விடையிறுக்கும் அருங்கலை அது. அதிலும் அட்டாவதானம், தசாவதானம், சோடசாவதானம் என்று படிகள் உண்டே! அவ்வாறிருக்க, ஆறு வயதுப் பிள்ளையிடம் முழுப் பாடவேளையையும் அசைவின்றிக் கேட்கும்படி கட்டளையிடுவது எவ்வாறு பொருந்தும்? ஐந்து நிமிடம் கேட்கச் செய்யுங்கள். கேட்டதைத் தன் வாயாற் சொல்லச் செய்யுங்கள். எழுந்து நடமாடவிட்டு மறுபடியும் தொடங்குங்கள். சோளகக் காற்று மணலை வாரியிறைக்கும் நண்பகலிற் கணிதத்தை வைக்காமல், முதற் பாடவேளைக்கு மாற்றித் தருமாறு அதிபரை வேண்டுங்கள். கைத்தொலைபேசியால் பிள்ளைகள் கெடுகின்றனர் என்று வருந்தும் நாம், வகுப்பறையில் நம்முடைய கைத்தொலைபேசியை முதலில் அணைத்துவைப்போம்.

முதல்நாள் இடாப்பைக் கூப்பிட்டு முடித்ததும் பாடநூலைத் திறவாதீர்கள். பலகையிற் சிறிதும் பெரிதுமாகச் சில எழுத்துகளை எழுதி, ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு கண்ணை மூடியும் பின்னர் மறுகண்ணை மூடியும் பின்வாங்கிலிருந்து வாசிக்கச் செய்யுங்கள். தடுமாறும் பிள்ளையை அப்பொழுதே முன்வாங்கிற்கு அழைத்துக்கொள்ளுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போது அப்பெயரை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். மூக்குக்கண்ணாடிக்காக மன்னார் வைத்தியசாலைக்குப் பிள்ளையைக் கூட்டிச்செல்லும் தாய் ஒருநாட் கூலியை இழக்கின்றாள். பஸ்ஸுக்குக் காசில்லையென்று அவள் தயங்குவாளாயின், அதிபரோடும் பழைய மாணவரோடும் கலந்து அப்பயணத்திற்கு வழிசெய்து கொடுங்கள்.