சோழவரம் ஓடுதளமும் ஓசூர் நிலமும்

(ராயக்கோட்டையில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஓசூரில் 2000 ஏக்கரில் விமான நிலையம்னு 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவிச்சாங்க. பேரிகை, பாகலூர்ப் பக்கம் இடம் பார்த்திருக்காங்க. வேலை வரும்னு நம்ம பசங்க காத்திருக்காங்க. நான் ஒரு பழைய ஓடுதளத்தைப் பத்திச் சொல்றேன்.

சென்னைக்கு வடக்கே சோழவரம். இரண்டாம் உலகப் போருக்காக வெள்ளைக்காரன் போட்ட ராணுவ விமானத்தளம். 1945இல் போர் முடிஞ்சுது. விமானம் போன இடத்துக்கு யார் வந்தாங்க? பந்தயக் கார்க்காரங்க! 1950களில் தொடங்கி முப்பது வருஷத்துக்கும் மேல் அங்கே கார், மோட்டார் சைக்கிள் பந்தயம். விஜய் மல்லையாவும் ஓட்டினார். பிறகு அவர்களுக்கென்றே இருங்காட்டுக்கோட்டையில் புதுத் தடம் வந்தது.

சோழவரம் அன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டம். அந்த மாவட்டத்துப் பறையர்கள் நிலமற்றுக் கிடந்ததைக் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கையாக எழுதினார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. பறிபோன அந்த நிலத்தைத் திரும்பக் கேட்ட போராட்டத்தில், 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டுக்கு ஜான் தாமசும் ஏழுமலையும் பலியானார்கள். சோழவரத்தில் கார் ஓட்டியவர்களை யாரும் சுடவில்லை.

நிலம் எடுத்தால் பட்டாதாரருக்குப் பணம். களையெடுத்தவளுக்கு? 2013ஆம் ஆண்டுச் சட்டம் விவசாயக் கூலிகளையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்கிறது. ஆனால் தமிழக அரசு தனது 1997ஆம் ஆண்டுத் தொழில் நிலமெடுப்புச் சட்டத்தில் எடுத்தால், யாருக்கு என்ன போகும்னு முன்கூட்டியே கணக்கெடுக்கும் சமூகத் தாக்க மதிப்பீடு தேவையில்லை. பரந்தூரில் எடுப்பது அந்தச் சட்டத்தில்தான்.

ஆகவே கணக்கை நாமே எடுக்கணும். மாணவர்கள் சேரி சேரியாகப் போய்க் கூலிக் குடும்பங்களை எழுதுங்க. சூளகிரி தாலுகா ஆபீசில் தகவல் உரிமைச் சட்டப்படி 'ஏ' பதிவேட்டு நகல் கேளுங்க. பஞ்சமி நிலம் எந்தெந்த சர்வே எண்ணில் இருக்குன்னு அடுத்த கூட்டத்துக்குள்ள தெரிஞ்சாகணும்.