வாசலில் நிற்கும் வாகனம்

பௌர்ணமிதோறும் கிரிவலம் வரும் பக்தர்களைத் திருவண்ணாமலைக்கு ஏற்றிவரும் வேன்கள், மற்ற நாட்களில் வேங்கிக்கால் போன்ற குடியிருப்புகளின் வாசல்களில் ஓய்வுகொண்டு நிற்கையில், ஒரு குடும்பத்தின் ஜீவனோபாயமே அங்கே நிற்கிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பயணிகளையோ சரக்கையோ ஏற்றும் வாகனத்தைத் திருடுவோருக்கு, 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-ஆம் பிரிவு ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. எனினும், தண்டனையைக் காட்டிலும் முன்யோசனையே சிலாக்கியமானது. வண்டியின் முகப்பைச் சுவரை நோக்கி நிறுத்தி, முன்சக்கரங்களைத் திருப்பிவைத்து, ஸ்டியரிங்கைப் பூட்டி, சக்கரத்துக்கு இரும்புப் பூட்டு மாட்டி, பேட்டரியின் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச் ஒன்றையும் மறைவாகப் பொருத்திவிட்டால், திருடனுக்கு அத்தியாவசியமான அவகாசம் கிட்டாமற் போகும். மாற்றுச்சாவியையும் பதிவுச் சான்றையும் இரவில் வண்டிக்குள்ளேயே விட்டுவைப்பது பெரும் அபாயம்.

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்தோர்க்குத் திருட்டுக்கு நஷ்டஈடு கிடையாது. ஆதலால் முழுக் காப்பீடு எடுத்து, அசம்பாவிதம் நேரின் உடனே 100-ஐ அழைத்து, முதல் தகவல் அறிக்கை பதியச் செய்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். உழைத்துச் சேர்த்ததைக் காப்பதும் உழைப்பின் ஓர் அம்சமே; இன்று மாலைக்குள்ளாகவே ஒரு சக்கரப் பூட்டை வாங்கி மாட்டிவிடுங்கள்.