கழிப்பறை கொடுத்த சுதந்திரம்

"சட்டம் வந்தா சுதந்திரம் போச்சு"ன்னு எதிரணி அம்மா முழங்கினாங்க. நியூசிலாந்தைப் பாருங்க. வேனுக்குள்ளேயே படுக்கை, அடுப்பு. கடலோரமா நிறுத்தி, காசில்லாம ராத்தங்கலாம். 'சுதந்திர முகாம்'னே அதுக்குப் பேர்! 2011-லேயே சட்டம் போட்டு அனுமதிச்சாங்க.

வந்தவங்கள்ல சிலர் என்ன செஞ்சாங்க? விடிஞ்சதும் புதர் ஓரம் ஒதுங்கினாங்க! (சிரிப்பு) நமக்குச் சிரிப்பு. அந்த ஊர்க்காரர் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். பல இடங்கள்ல "இங்கே தங்காதே"ன்னு பலகை முளைச்சுது. யார் பறிச்சது சுதந்திரத்தை? சட்டமா?

2023-ல் சட்டத்தைத் திருத்தினாங்க. உள்ளாட்சி நிலத்தில் வேனில் தங்கணுமா? பொதுவா, வண்டிக்குள்ளே கழிப்பறையைப் பொருத்தியிருக்கணும். தூக்கி வைக்கிற டப்பா செல்லாது! அப்படிப் பொருத்தின வேனுக்கு இன்னிக்கும் கடலோரத்தில் இடமிருக்கு ஐயா. அலைச் சத்தத்திலேயே தூங்கலாம்.